மழை யார் பக்கம்?
மலாயாப் போரில் வானமும் மண்ணும் செய்த வேலை

போர் என்று சொன்னதுமே பீரங்கியும் துப்பாக்கியும் ஆகாய விமானமும்தான் நம் கண்முன் வந்து நிற்கின்றன. எந்தப் பக்கம் ஆள் அதிகம், எந்தப் பக்கம் ஆயுதம் அதிகம் என்று கணக்குப் போட்டால் வெற்றி யாருக்கு என்று சொல்லிவிடலாம் என நினைக்கிறோம். சரித்திரமோ வேறு கதை சொல்கிறது. எத்தனையோ பெரிய படைகள் சேற்றிலே புதைந்திருக்கின்றன, பனியிலே உறைந்திருக்கின்றன. 1812-ஆம் ஆண்டு மாஸ்கோ வரை சென்ற நெப்போலியன், பசிக்கும் நோய்க்கும் குளிருக்கும் தன் படையின் பெரும்பகுதியைப் பறிகொடுத்துவிட்டுத்தான் திரும்பினான்.

நம் வள்ளுவப் பெருந்தகை இதை நன்கு அறிந்தவர். பொருட்பாலில் காலமறிதல், இடனறிதல் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். காக்கை சிறியதுதான், ஆனாலும் பகல் வேளையில் ஆந்தையை வென்றுவிடும். முதலை ஆழமான நீரில் இருக்கும்வரை அதற்கு எதிரியே இல்லை. கரையேறிவிட்டால் மற்ற பிராணிகளிடம் தோற்றுப்போகும். அவர் காட்டும் உவமைகள் இவை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும், படைத்தளபதிக்கும் உதவும்.

தோட்டத்திலே வளர்ந்தவர்களுக்கு இது புதிய பாடமே அல்ல. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்குப் பால்வெட்டு கிடையாது. மேட்டுக்காட்டு நிரை கிடைத்தால் ஒரு கஷ்டம், பள்ளக்காட்டு நிரை கிடைத்தால் வேறு கஷ்டம். கத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், வானமும் மண்ணும் ஒத்துவந்தால்தான் வாளி நிறையும். போரும் அப்படித்தான்.

இதற்கு உதாரணம் தேடித் தூர தேசம் போக வேண்டியதில்லை. 1941 முதல் 1944 வரை நம் மலாயாவிலும், அதை அடுத்த சயாம், பர்மா நாடுகளிலும் நடந்தவற்றைப் பார்த்தாலே போதும். அந்தச் சரித்திரத்திலே நம் பாட்டன், பாட்டிமாரின் கண்ணீரும் கலந்திருக்கிறது.

பூட்டு என்று நினைத்தது திரையாயிற்று

நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை கிளந்தான், திரங்கானு, பகாங் கடற்கரைகளில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். தென்சீனக் கடல் கொந்தளிக்கும். மீன்பிடிப் படகுகள் கரையிலேயே கிடக்கும். இந்தக் காலத்தில் கடல் வழியாக ஒரு படை வந்து இறங்குவது நடக்காத காரியம் என்று பிரிட்டிஷ்காரர்களில் பலர் நம்பினார்கள். சிங்கப்பூரின் பெரிய பீரங்கிகள் கடல் வழியாக வரும் போர்க்கப்பல்களை எதிர்பார்த்தே வைக்கப்பட்டன. வடக்கே மலையும் காடும், கிழக்கே மழையும் அலையும் இருக்கும்போது நமக்கென்ன பயம் என்பது அன்றைய எண்ணம். இயற்கையே இரண்டு பூட்டுகளைப் போட்டுத் தந்துவிட்டதாக நினைத்தார்கள்.

இது தவறு என்று அப்போதே சொன்னவர்களும் உண்டு. 1937-ல் மலாயாவில் படைத்தளபதியாக இருந்த டாபி இதை ஆராய்ந்தார். பருவமழைக் காலத்திலும் கிழக்குக் கரையில் படை இறங்க முடியும், மேகமூட்டம் கண்காணிப்பு விமானங்களின் கண்ணை மறைப்பதால் இறங்குகிறவனுக்கே அது வசதியாகும் என்று முடிவு கூறினார். மலாயாக் காடும் பெரும்பாலான இடங்களில் காலாட்படை கடக்க முடியாத காடு அல்ல என்றும் சொன்னார். அந்த ஆராய்ச்சியில் அவருக்குத் துணைநின்ற அதிகாரியின் பெயர் பெர்சிவல். பின்னாளில் 1942-ல் சிங்கப்பூரை ஜப்பானியரிடம் ஒப்படைக்க நேர்ந்த அதே பெர்சிவல்தான்! ஆபத்தை அறியாமல் தோற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. அறிந்ததற்கு ஏற்ற ஏற்பாடு நடக்கவில்லை. 1939-ல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் விமானமும் டாங்கியும் அந்தப் பக்கம் போய்விட்டன.

1941 டிசம்பர் 6-ஆம் தேதி, கோத்தா பாருவிலிருந்து புறப்பட்ட ஒரு கண்காணிப்பு விமானம் இந்தோசீனாவின் தென்முனைக்கு அப்பால் ஜப்பானியக் கப்பல் கூட்டத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் மேகமும் மழையும் சூழ்ந்துகொள்ளவே, கப்பல்கள் கண்ணிலிருந்து மறைந்தன. அவை சயாமுக்குப் போகின்றனவா, மலாயாவுக்கு வருகின்றனவா என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. சயாமுக்குள் முன்கூட்டியே நுழைந்து சிங்கோரா துறைமுகத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷார் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். இந்தக் குழப்பத்தில் அதுவும் தாமதப்பட்டு, கடைசியில் கைவிடப்பட்டது.

டிசம்பர் 8-ஆம் தேதி நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியர் இறங்கினார்கள். ஹவாயிலுள்ள பேர்ல் துறைமுகம் தாக்கப்படுவதற்குச் சற்று முன்பே இது நடந்துவிட்டது. கடல் அவர்களையும் சும்மா விடவில்லை. அலையில் படகுகள் கவிழ்ந்தன; வீரர்கள் மூழ்கினார்கள். கரையில் காவலிருந்த டோக்ரா படையினர் கடுமையாகச் சுட்டார்கள். வந்த மூன்று துருப்புக் கப்பல்களில் ஒன்று விமானத் தாக்குதலில் தீப்பற்றி எரிந்தது. இத்தனைக்கும் பிறகு மறுநாளே கோத்தா பாரு விழுந்தது. மழை அவர்களிடமும் விலை கேட்டது. அந்த விலையைக் கொடுக்க அவர்கள் தயாராக வந்திருந்தார்கள்.

அடுத்த இரண்டு நாளில் மழை தன் இன்னொரு முகத்தையும் காட்டியது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் டிசம்பர் 8-ஆம் தேதி மாலை சிங்கப்பூரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டன. அவற்றுக்குத் துணையாக விமானங்கள் இல்லை. 9-ஆம் தேதி பெரும்பகுதியும் தாழ்ந்த மேகமும் மழைத் தூறலும் போர்வையைப் போல அவற்றை மூடியிருந்தன. மாலையில் வானம் வெளுத்தது. ஜப்பானிய விமானங்கள் கப்பல்களைப் பார்த்துவிட்டன. மறுநாள், அதாவது 10-ஆம் தேதி, குவாந்தானுக்கு அப்பால் இரண்டு கப்பல்களும் மூழ்கடிக்கப்பட்டன. அட்மிரல் பிலிப்ஸ் உட்பட சுமார் 840 பேர் இறந்தார்கள். டிசம்பர் 6-ல் ஜப்பானியக் கப்பல்களை மறைத்த அதே மேகம், 9-ல் பிரிட்டிஷ் கப்பல்களை மறைத்தது, பிறகு கைவிட்டது. மேகத்துக்குக் கட்சி கிடையாது.

ஜித்ராவின் சேறு

கெடாவில் ஜித்ரா என்னுமிடத்தில் 11-ஆவது இந்திய டிவிஷன் அரண் அமைத்துக் காத்திருந்தது. சயாமுக்குள் போவதா, இங்கேயே நிற்பதா என்று உத்தரவு வராமல் அந்த வீரர்கள் மழையிலே நனைந்து கிடந்தார்கள். நிற்கவேண்டும் என்று முடிவானபோது அரண் வேலை பாதியில்தான் இருந்தது. பதுங்கு குழிகளில் தண்ணீர் நிறைந்துவிட்டது. டெலிபோன் கம்பிகள் ஈரத்தில் பழுதாயின.

டிசம்பர் 11-ஆம் தேதி கனமழை. ஜித்ராவுக்கு வடக்கே முன்னணியில் நின்ற பஞ்சாபிப் படையினர் அந்த மழைக்கு நடுவே ஜப்பானிய டாங்கிகள் சடக்கு வழியாக உருண்டு வருவதைக் கண்டார்கள். பலர் அதற்குமுன் டாங்கியையே பார்த்ததில்லை. எதிர்க்க வேண்டிய பீரங்கிகளைத் திருப்பிச் சுடுவதற்குள் டாங்கிகள் நடுவிலே புகுந்துவிட்டன. மறுநாள் இரவு பின்வாங்க உத்தரவு வந்தது. கொட்டும் மழை, இருட்டு, ஒரே ஒரு சடக்கு. லாரிகளும் பீரங்கிகளும் சேற்றில் மாட்டிக்கொண்டன. தளவாடங்களை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழை இரண்டு பக்கமும்தான் பெய்தது. ஒரே இடத்தில் காத்து நின்றவனுக்குக் குழியிலே தண்ணீர். வேகமாக வந்தவனுக்குத் தன் வரவை மறைக்கும் திரை.

காடும் கித்தாவும் சடக்கும்

மலாயா காட்டு நாடு, இங்கே டாங்கி ஓடாது என்று நம்பியதால், போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் படைக்கு மலாயாவில் டாங்கிகளே இல்லை. ஆனால் மேற்குக்கரையின் நிலைமை என்ன? ஈயத்தையும் ரப்பரையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோக அதே பிரிட்டிஷ்காரர்கள் அருமையான தார்ச்சடக்கு போட்டிருந்தார்கள். அதன் இருபுறமும் மைல் கணக்கில் கித்தா மரம். அடர்ந்த காடு அப்பால் மலையடிவாரத்தில்தான்.

கித்தாக் காட்டின் உள்ளமைப்பை இந்தச் சஞ்சிகையைப் படிப்பவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நிரை நிரையாக மரங்கள்; அடியில் நடக்கத் தடையில்லை; மேலே இலைக் கூரை. ஆகாயத்திலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவன் தெரியமாட்டான். உள்ளே நிற்பவனுக்கும் தூரத்தில் வருகிறவன் தெரியமாட்டான். ஊடே தோட்டத்து மண்சாலைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. சடக்கை மட்டும் அடைத்துக்கொண்டு ஒரு படை நின்றால், எதிரி தோட்டத்துக்குள் புகுந்து பின்பக்கமாக வந்துவிடலாம். ஜப்பானியர் தெற்கு நோக்கி வந்த வழியெல்லாம் செய்தது இதுதான். எதிரே கொஞ்சம் பேர் சுட்டுக்கொண்டிருக்க, மற்றவர்கள் கித்தாவுக்குள் சுற்றிவந்து முதுகுப் பக்கம் சடக்கை அடைத்தார்கள்.

அடுத்தது சைக்கிள். தளபதி யமாஷிதாவின் படை ஆயிரக்கணக்கான சைக்கிள்களோடு வந்தது. பெட்ரோல் வேண்டாம், நல்ல தார்ச்சடக்கில் நடந்துபோகிறவனைவிட வேகமாகப் போகலாம். பாலம் உடைந்திருந்தால் சைக்கிளைத் தோளிலே தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்துவிடலாம். டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தோடே ஓட்டினார்கள். இரவிலே அந்தக் கடகட சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறதென்று பயந்தவர்களும் உண்டு.

ஆறுகளும் எதிர்பார்த்தபடி உதவவில்லை. வடக்கேயிருந்து வரும் எதிரியைத் தடுக்கவேண்டுமானால் ஆறு கிழக்கு மேற்காக ஓடவேண்டும். பேராக் ஆறோ பெரும்பகுதி வடக்கிலிருந்து தெற்காக, சடக்கோடு பக்கத்துணையாக ஓடுகிறது. அது எதிரிக்குக் குறுக்கே நிற்கும் வேலியாக முடியாது. மேற்குக் கடலும் அமைதியாக இருந்தது. வடகிழக்குக் காற்றை நடுமலைத்தொடர் தடுத்துவிடுவதால் மலாக்கா நீரிணையில் அந்தப் பருவத்தில் பேரலை எழுவதில்லை. பினாங்கை விட்டுப் போனபோது பிரிட்டிஷார் அழிக்காமல் விட்ட படகுகளையும் சேர்த்துக்கொண்டு, ஜப்பானியர் கரையோரமாகவே வந்து பின்னால் இறங்கினார்கள்.

கம்பாரும் சிலிம் ரிவரும்

நிலம் எப்போதும் ஜப்பானியருக்கே உதவியது என்று நினைத்துவிடக்கூடாது. பேராக்கில் கம்பார் பட்டணத்துக்குப் பின்னால் நாலாயிரம் அடி உயரத்தில் குனோங் பூஜாங் மலாக்கா எழுந்து நிற்கிறது. எதிரே ஈய லம்பங்கள் தோண்டிப்போட்ட வெட்டவெளி. மேட்டிலே இருப்பவனுக்கு வருகிறவன் நன்றாகத் தெரியும். பீரங்கிக் குண்டும் குறி தப்பாது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை பிரிட்டிஷ், இந்திய, கூர்க்கா வீரர்கள் அங்கே உறுதியாக நின்றார்கள். ஜப்பானியருக்கு நல்ல அடி. அவர்களை அங்கிருந்து அகற்றியது எதிரே வந்த தாக்குதல் அல்ல; கடல் வழியாகத் தெற்கே வந்து தெலுக் ஆன்சன் பக்கம் இறங்கிய படைதான். தெலுக் ஆன்சன் என்பது இன்றைய தெலுக் இந்தான். பின்வழி அடைபடுமுன் கம்பாரை விட்டுவிட வேண்டியதாயிற்று.

ஐந்து நாள் கழித்து, ஜனவரி 7-ஆம் தேதி, சிலிம் ரிவரில் நடந்தது இதற்கு நேர்மாறு. விடியுமுன் நிலா வெளிச்சத்தில் ஜப்பானிய டாங்கிகள் சடக்கிலேயே வரிசையாக வந்தன. வளைந்து வளைந்து போன பழைய சடக்கை நேராக்கியபோது கைவிடப்பட்ட துண்டுப் பாதைகள் பக்கவாட்டில் கிடந்தன. நேர்வழி அடைபட்ட இடத்தில் டாங்கிகள் அந்தப் பழைய பாதையில் புகுந்து தடையைத் தாண்டி வெளியே வந்தன. உடைக்கவேண்டிய பாலங்கள் உடைக்கப்படவில்லை. பல நாளாகத் தூக்கமில்லாமல் களைத்திருந்த இரண்டு பிரிகேடுகள் சில மணி நேரத்தில் சிதறிப்போயின. பதினைந்து மைலுக்கும் மேல் ஒரே பாய்ச்சல்! ஜனவரி 11-ஆம் தேதி கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது.

அந்தப் பழைய பாதைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதைப் பக்கத்துத் தோட்டத்து மாட்டுவண்டிக்காரரைக் கேட்டாலே சொல்லியிருப்பார். மண்ணை அறிந்தவனிடம் கேட்காத படை, எதிரியிடம் பாடம் கேட்க நேர்கிறது.

சிங்கப்பூரும் தண்ணீரும்

1942 ஜனவரி 31-ஆம் தேதி ஜொகூர்ப் பாலத்தில் ஒரு பகுதி தகர்க்கப்பட்டது. ஜொகூர் மலையிலிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாயும் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் வந்தது. அன்றோடு அந்தத் தண்ணீர் நின்றது. தீவுக்குள் இருந்த நீர்த்தேக்கங்களே கதி.

எதிரி வடகிழக்கிலே இறங்குவான் என்று எதிர்பார்த்த பெர்சிவல், புதிதாக வந்த படையை அங்கே நிறுத்தினார். பிப்ரவரி 8-ஆம் தேதி இரவு ஜப்பானியர் வடமேற்கிலே இறங்கினார்கள். சதுப்பும் சிற்றாறும் காண்டாமரமும் நிறைந்த அந்த நீண்ட கரையில் ஆஸ்திரேலிய வீரர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நின்றார்கள். இருட்டில் ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவே நுழைய இடம் ஏராளம்.

அடுத்த சில நாளில் நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் பிடிக்குள் வந்தன. குண்டு வீச்சில் நகரத்துக் குழாய்கள் உடைந்து தண்ணீர் தெருவில் ஓடியது. அகதிகளும் சேர்ந்து ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இருந்த நகரம் அது. பிப்ரவரி 15-ஆம் தேதி புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் சரணாகதிக் கையெழுத்து நடந்தது. கோத்தா பாருவில் இறங்கி எழுபதே நாள். மழை மிகுந்த நாட்டிலே, அதுவும் நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த தீவிலே, சரணடைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் குடிதண்ணீர்!

மழையிலே கரைந்த நம் மக்கள்

இனிச் சொல்லப்போவது படைவீரர்களின் கதையல்ல.

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு அரிசியும் குண்டும் போகவேண்டும். மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குக் கப்பல் அனுப்பினால் நீர்மூழ்கிக் கப்பல்களாலும் விமானங்களாலும் ஆபத்து. ஆகவே தரைவழியாக, சயாமில் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவில் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தீர்மானித்தார்கள். மலை, காடு, குவாய் நோய் ஆற்றுப் பள்ளத்தாக்கு, பாறை. இதே வழியை முன்பு பிரிட்டிஷ்காரர்கள் ஆராய்ந்துவிட்டு, நிலமும் பருவமழையும் இடம்கொடுக்காது என்று கைவிட்டிருந்தார்கள்.

1942-ல் வேலை தொடங்கியது. கைதிகளாகப் பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள் அறுபதாயிரம் பேருக்கு மேல் அதில் போடப்பட்டார்கள். அதுவும் போதவில்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்கவேண்டுமென்று கெடுவை முன்னுக்கு இழுத்தார்கள். 1943 ஏப்ரல் வாக்கில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் சேர்ப்பு மும்முரமாயிற்று. ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் முடங்கி, மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிற்றைக் கழுவிய காலம் அது. நல்ல சம்பளம், சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். போக மறுத்த இடங்களில் பிடித்து ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

மாதத்தைக் கவனியுங்கள். ஏப்ரலில் புறப்பட்டவர்கள் மே மாதத்தில் காட்டுக்குள் இருந்தார்கள். மே மாதத்தில்தான் அங்கே தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. மூங்கிலும் ஓலையும் வேய்ந்த கொட்டகைகள் ஒழுகின. தரை சேறாயிற்று. அரிசி கொண்டுவரும் லாரி நகரவில்லை. கழிவுக் குழிகள் நிரம்பி வழிந்து, குடிக்கும் ஆற்றுநீரோடு கலந்தன. விறகு நனைந்தால் தண்ணீரைக் காய்ச்ச முடியாது. காய்ச்சாத தண்ணீரைக் குடித்தால் காலரா. 1943 மே, ஜூன் மாதங்களில் அந்தப் பாதை நெடுகிலும் காலரா பரவியது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கால்புண்ணும் கூடச் சேர்ந்தன.

கைதிப் படைவீரர்களுக்குள் டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சியே குடிக்கவேண்டும் என்று கட்டுப்படுத்த அதிகாரிகள் இருந்தார்கள். அப்படியும் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நம் தோட்டத்து மக்களுக்கு டாக்டரும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. மலாயா, பர்மா, ஜாவா முதலிய நாடுகளிலிருந்து வந்த ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர் தொகை ஏறத்தாழ தொண்ணூறாயிரம் என்று மதிப்பிடுகிறார்கள். சரியான கணக்கு யாரும் வைக்கவில்லை என்பதே அவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதைக் காட்டுகிறது. 1943 அக்டோபர் 17-ஆம் தேதி இரு பக்கத்துத் தண்டவாளங்களும் சந்தித்தன.

மழைக்காலத்தில் அந்த வேலையை நிறுத்தியிருந்தால் அத்தனை பேர் செத்திருக்கமாட்டார்கள். மழையின்மீது பழிபோடுவது எளிது. மழையிலும் வேலை நிற்கக்கூடாது என்று சொன்னவர்கள் மனிதர்கள்.

இம்பாலில் வந்த மழை

அந்த ரயில்பாதையால் பர்மாவில் பலப்பட்ட ஜப்பானியப் படை, 1944 மார்ச் மாதம் இந்திய எல்லையைத் தாண்டியது. தளபதி முத்தாகுச்சியின் திட்டம் மழைக்கு முன்னால் இம்பாலைப் பிடித்துவிடுவது. மூன்று வாரத்துக்கு வேண்டிய உணவோடு புறப்பட்டார்கள். இறைச்சிக்கும் சுமைக்குமாக மாடுகளையும் ஓட்டிப் போனார்கள். சிந்துவின் ஆற்றைக் கடக்கும்போதே பல மாடுகள் மூழ்கின. எஞ்சிய உணவை இம்பாலில் எதிரியின் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். மலாயாவில் அப்படித்தானே கிடைத்தது!

நேதாஜி சுபாஷ் சந்திரபோஸின் இந்திய தேசிய இராணுவமும் உடன் சென்றது. அந்த இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ் இளைஞர்கள் பலர். சுதந்திர இந்தியாவை நோக்கி நடக்கிறோம் என்ற உணர்ச்சியோடு போனவர்கள் அவர்கள்.

எதிரே நின்ற தளபதி ஸ்லிம், இம்முறை நிலத்தை அறிந்து காத்திருந்தார். எல்லை மலையில் நிற்காமல் இம்பால் சமவெளிக்குப் பின்வாங்கினார். அவர் பின்வாங்கப் பின்வாங்க, ஜப்பானியர் உணவு கொண்டுவரவேண்டிய மலைப்பாதை நீண்டுகொண்டே போனது. சாலை அடைபட்டபோது விமானத்தின் மூலம் உணவும் மருந்தும் வந்து இறங்கின. மலேரியா மாத்திரையை ஒவ்வொரு வீரனும் விழுங்குகிறானா என்று அதிகாரிகள் நின்று பார்த்தார்கள்.

மூன்று வாரம் மூன்று மாதமாயிற்று. இம்பால் விழவில்லை. மே மாதம் மழை வந்தது. மலைச்சரிவுகள் இடிந்து பாதைகள் மறைந்தன, ஓடைகள் ஆறாயின. ஜூன் 22-ஆம் தேதி கொஹிமா-இம்பால் சாலை திறந்துகொண்டது. ஜூலைத் தொடக்கத்தில் பின்வாங்க உத்தரவு வந்தபோது ஜப்பானிய வீரர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். அவர்கள் நடந்து திரும்பிய வழிக்கு எலும்புச் சாலை என்றே பெயர் வந்துவிட்டது. ஏறத்தாழ முப்பதாயிரம் ஜப்பானியர் அந்தப் போரில் மாண்டார்கள். பசியாலும் நோயாலும் மாண்டவர்களே அதிகம். நேதாஜி படையில் சென்ற நம் பிள்ளைகளும் அதே மழையில், அதே பசியில் தவித்தார்கள், பலர் திரும்பவில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

1941-ல் மழையைத் திரையாக்கி வென்ற படை, 1944-ல் மழைக்கே இரையாயிற்று. மழை மாறவில்லை. முதல் தடவை, அலையும் காற்றும் எப்படி இருக்கும் என்று படித்துவிட்டு வந்தார்கள். அடுத்த தடவை, முன்பு கிடைத்த வெற்றியை நம்பி வந்தார்கள். 1941-ல் காடும் மழையும் தம்மைக் காக்கும் என்று நம்பி ஏமாந்த பிரிட்டிஷாரோ, 1944-ல் காட்டையும் மழையையும் படித்துவிட்டு நின்றார்கள். வானமும் மண்ணும் யாருக்கும் நிரந்தரக் கூட்டாளியல்ல. கற்றவன் பக்கம் சற்று நேரம் நிற்கும், அவ்வளவுதான்.

மாணவச் செல்வங்களே! பூகோளப் பாடத்தில் பருவக்காற்று, மலைத்தொடர், ஆறு ஓடும் திசை என்றெல்லாம் மனப்பாடம் செய்கிறீர்கள். பரீட்சைக்கு மட்டும் உரிய விஷயம் என்று எண்ணாதீர்கள். பேராக் ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது என்ற ஒரு கேள்விக்குள்ளே ஒரு படையின் தோல்வி ஒளிந்திருந்தது. மே மாதம் சயாமில் மழை பெய்யும் என்ற ஒரு வரிக்குள்ளே நம் குடும்பங்களின் ஒப்பாரி அடங்கியிருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறை கிடையாது. பெயர் பொறித்த கல்லும் கிடையாது. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயரோடு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நம்மவர்களின் பெயர்கள் வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டுமே இருந்தன. அந்தத் தலைமுறையும் ஏறக்குறைய போய்விட்டது. உங்கள் குடும்பத்தில் யார் போனார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், திரும்பினாரா என்று தெரிந்த அளவுக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். தளபதிகளின் பெயர்களை எழுதி வைக்க உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். நம் பாட்டன் பெயரை நாம்தான் எழுதவேண்டும்.